8/2 பங்கை மறுப்பவர் உண்மையில் எதை மறுக்கிறார்?

அலைவரிசை:

அல்டிமேட்டம் ஆட்டம் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கையில் 10 டாலர் கொடுப்பார்கள். முகம் தெரியாத இன்னொருவரோடு அதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று அவர் ஒரே ஒரு முறை சொல்லலாம். எதிராளி சரி என்றால் சொன்னபடி பிரியும். வேண்டாம் என்றால் இருவரும் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். பேரம் பேச முடியாது, இரண்டாவது வாய்ப்பும் கிடையாது.

தன் பணத்தை மட்டும் பார்ப்பவர் எவ்வளவு சிறிய தொகை வந்தாலும் வாங்கிக்கொள்வார், அது தெரிந்து கொடுப்பவரும் மிகக் குறைவாகவே கொடுப்பார் என்பது பாடநூல் கணிப்பு. 1982இல் ஜெர்மனியில் வெர்னர் கியூத், ரோல்ஃப் ஷ்மிட்பெர்கர், பெர்ன்ட் ஷ்வார்ட்ஸே ஆகிய மூவரும் 21 ஜோடிகளை வைத்துச் செய்து பார்த்தபோது 7 பேர் சரிபாதி கொடுத்தார்கள். அதன்பின் பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக 40 சதவீதம் கொடுக்கப்படுகிறது, 16 சதவீதப் பங்குகள் மறுக்கப்படுகின்றன என்று அது சொன்னது.

இதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 'ஆகவே மனிதர்களுக்கு நியாய உணர்வு உண்டு' என்று இந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள். என் கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 10இல் 2 வேண்டாம் என்று சொல்பவர் எதை வேண்டாம் என்கிறார்? இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தையா? அந்த ஆள் நினைத்திருந்தால் அதிகம் கொடுத்திருக்கலாமே என்பதையா? தன்னை இவ்வளவுதான் மதித்தார் என்பதையா? மூன்றும் வேறு வேறு. இவற்றைப் பிரித்துப் பார்த்த சோதனைகள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடுக்கோடு:

நல்ல கேள்வி தம்பி. முதல் விடை எண்ணாகவே இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம்.

1999இல் எர்ன்ஸ்ட் ஃபேர், கிளாஸ் ஷ்மிட் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் ஒரு கணித மாதிரியை (மாடல்) கொடுத்தார்கள். என் திருப்தி என்பது எனக்குக் கிடைத்த பணம். அதிலிருந்து இரண்டு கழிவுகள். அடுத்தவர் என்னைவிட அதிகம் பெற்றால் அந்த வித்தியாசத்தை ஆல்ஃபா என்ற எண்ணால் பெருக்கிக் கழிக்க வேண்டும். நான் அதிகம் பெற்றால் பீட்டாவால் பெருக்கிக் கழிக்க வேண்டும். பின்தங்கும்போது வலி அதிகம், முந்தும்போது உறுத்தல் குறைவு. அதனால் பீட்டா ஆல்ஃபாவைத் தாண்டாது.

8/2 பங்குக்கு, அதாவது அவருக்கு 8, எனக்கு 2 என்பதற்குப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 6. ஏற்றால் என் திருப்தி 2 கழித்தல் 6 ஆல்ஃபா. மறுத்தால் பூஜ்யம். ஆக, யாருடைய ஆல்ஃபா மூன்றில் ஒன்றைத் தாண்டுகிறதோ அவர் மறுப்பார். அவ்வளவுதான் கணக்கு. மதிப்பு, அவமானம், உள்நோக்கம் எதுவும் உள்ளே வரவில்லை. அடுத்த ஆண்டு கேரி போல்டன், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் கொண்டுவந்த மாதிரியும் இதே குடும்பம். அதில் மொத்தத்தில் என் பங்கு எத்தனை என்று பார்ப்பார்கள்.

இந்த மாதிரியை எளிது என்று ஒதுக்க வேண்டாம். இதன் மிகப் பெரிய பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 1991இல் ஆல்வின் ராத் குழு ஜெருசலேம், லியுப்லியானா, பிட்ஸ்பர்க், டோக்கியோ ஆகிய நான்கு நகரங்களில் இரண்டு ஆட்டங்களை நடத்தியது. ஒன்று வழக்கமான அல்டிமேட்டம். இன்னொன்றில் ஒரு விற்பவர், அவருக்கு எதிரே ஒன்பது வாங்குபவர்கள். எல்லோரும் விலை சொல்ல வேண்டும், அதிகம் சொன்னவருக்கு ஒப்பந்தம். சில சுற்றுகளுக்குள் ஏறக்குறைய முழுப்பணமும் அந்த ஒற்றை விற்பவரிடம் போய்விட்டது. நான்கு நகரங்களிலும் அப்படித்தான். நியாய உணர்வு எங்கே போனது?

எங்கும் போகவில்லை என்பதுதான் ஃபேர், ஷ்மிட் விளக்கம். ஒன்பது பேரில் நான் ஒருவன் விலையை ஏற்றாமல் நின்றாலும் இன்னொருவர் ஏற்றிவிடுவார். ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும், என் கையில் ஒன்றும் இருக்காது. நியாயத்தை நிலைநாட்டும் சக்தி எந்தத் தனி ஆளிடமும் இல்லை. அல்டிமேட்டத்தில் அந்தச் சக்தி பதில் சொல்பவரிடம் முழுசாக இருக்கிறது. மனிதர்களின் விருப்பத்தை மாற்றாமலே, ஆட்டத்தின் விதியை மட்டும் மாற்றி ஒரு இடத்தில் சரிபாதியும் இன்னொரு இடத்தில் முழுச் சுரண்டலும் வரும் என்று ஒரே சூத்திரத்தில் காட்டியது சாதாரண விஷயம் இல்லை. சந்தையில் எல்லோரும் சுயநலமாக நடக்கிறார்கள் என்பதைப் பார்த்து எல்லோரும் சுயநலவாதிகள் என்று முடிவுகட்டக் கூடாது என்று இதனால்தான் சொல்கிறேன்.

தெற்குச்சாளரம்:

கொஞ்சம் பொறுங்கள். நியாய உணர்வு என்று பெயர் சூட்டும் முன் பயத்தைக் கணக்கில் எடுங்கள். அல்டிமேட்டத்தில் 40 சதவீதம் கொடுப்பவர் நல்லவராக இருக்க வேண்டியதில்லை. மறுத்துவிடுவார்களோ என்று பயந்து கொடுக்கலாம்.

இதைத்தான் 1994இல் ராபர்ட் ஃபோர்சைத் குழு சோதித்தது. மறுக்கும் உரிமையை எடுத்துவிட்டு, கொடுப்பவர் சொன்னதே முடிவு என்று வைத்தார்கள். சர்வாதிகாரி ஆட்டம் என்று பெயர். கொடுப்பது நன்றாகவே குறைந்தது. அதே ஆண்டு எலிசபெத் ஹாஃப்மன், கெவின் மெக்கேப், கீத் ஷாக்கட், வெர்னான் ஸ்மித் இன்னும் ஒரு படி போனார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது சோதனை நடத்துபவருக்கே தெரியாதபடி உறைகளை வைத்து நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் ஒரு காசு கொடுக்கவில்லை.

2002இல் டாட் செர்ரி குழு செய்தது இதைவிடக் கடுமையானது. பணத்தை இலவசமாகக் கொடுக்காமல், தேர்வுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சம்பாதிக்க வைத்தார்கள். மேலே சொன்ன மாதிரி முழு மறைவும் உண்டு. 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பூஜ்யம்.

யாரும் பார்க்காதபோது மனிதர் என்ன செய்கிறார் என்பதுதான் உண்மையான விருப்பம். மற்றது மேடைக்கான நடிப்பு.

முல்லைக்கொடி:

செர்ரி குழுவின் முடிவிலிருந்து நீங்கள் எடுக்கும் பொருள் எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே இரண்டு விஷயம் ஒன்றாக மாறியிருக்கிறது. மறைவு ஒன்று. பணத்தை அவர்களே உழைத்துச் சம்பாதித்தது இன்னொன்று. உழைத்துச் சம்பாதித்ததை முகம் தெரியாதவருக்குக் கொடுக்காமல் இருப்பது சுயநலம் என்று ஏன் சொல்ல வேண்டும்? 'இது என்னுடையது' என்பதே ஒரு நியாயம்தானே.

இதைச் சோதிக்க நேர் எதிர்ப்பக்கம் போக வேண்டும். ராபர்ட் ஆக்ஸ்பி, ஜான் ஸ்பிராகன் 2008இல் போனார்கள். பணத்தைச் சம்பாதித்தது வாங்குபவர், ஆனால் பிரிக்கும் அதிகாரம் சர்வாதிகாரிக்கு. சுயநலம்தான் உண்மை என்றால் இங்கேயும் பூஜ்யம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாங்குபவர் அதிகம் சம்பாதித்திருந்தபோது பாதிக்கும் மேலே கொடுத்தார்கள். சர்வாதிகாரியே சம்பாதித்த பிரிவில் தன்னிடமே வைத்துக்கொண்டார்கள். கொடுக்காததும் கொடுத்ததும் ஒரே விதியிலிருந்து வருகின்றன: யார் உழைத்தாரோ அவருக்கு.

நடுக்கோடு அண்ணாவுக்கும் ஒன்று. உங்கள் சூத்திரத்தைச் சர்வாதிகாரி ஆட்டத்தில் போட்டால் ஒரு சங்கடம் வருகிறது. நான் ஒரு டாலர் கொடுத்தால் எனக்கு ஒன்று குறைகிறது, வித்தியாசம் இரண்டு குறைகிறது. பீட்டா அரைக்கு மேலே இருந்தால் சரிபாதிவரை கொடுத்துக்கொண்டே போவேன். அரைக்குக் கீழே இருந்தால் ஒன்றும் கொடுக்க மாட்டேன். நடுவில் எதுவும் வர முடியாது. ஆனால் கிறிஸ்டோஃப் எங்கல் 2011இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது 36 சதவீதம் பேர் ஒன்றும் கொடுக்கவில்லை, 17 சதவீதம் பேர் சரிபாதி கொடுத்தார்கள், சராசரி 28 சதவீதம். மீதிப் பேரில் பெரும்பகுதி அந்த நடுவில்தான் இருக்கிறார்கள்.

நடுக்கோடு:

நேர்கோட்டுச் சூத்திரம் என்பதால் வரும் சிக்கல் அது. வளைவாக எழுதினால் நடுவிலும் வரும், ஃபேரும் ஷ்மிட்டும் அதைக் குறிப்பிட்டே இருக்கிறார்கள். எளிமைக்காக நேர்கோடு வைத்தார்கள். அதனால் மட்டும் மாதிரி விழுந்துவிடாது.

முல்லைக்கொடி:

சரி, அதை விட்டுவிடலாம். வளைத்தாலும் தப்பாத இடத்துக்கு வருகிறேன். அலைவரிசை கேட்ட கேள்விக்கு நேரான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆர்மின் ஃபால்க், எர்ன்ஸ்ட் ஃபேர், ஊர்ஸ் ஃபிஷ்பாக்கர் 2003இல் வெளியிட்ட சோதனை. (ஆம், அதே ஃபேர். தன் மாதிரியின் எல்லையைத் தானே அளந்து பார்த்தார் என்பதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம்.) கொடுப்பவருக்கு இரண்டே வாய்ப்பு. ஒன்று எப்போதும் 8/2: தனக்கு 8, எதிராளிக்கு 2. இன்னொன்றுதான் மாறும். பதில் சொல்பவருக்கு அந்த இரண்டு வாய்ப்பும் தெரியும்.

இன்னொரு வாய்ப்பு 5/5 ஆக இருந்தபோது, 8/2 வந்தால் 44 சதவீதம் பேர் மறுத்தார்கள். இன்னொன்று 2/8 ஆக இருந்தபோது, அதாவது தானே இழந்தால்தான் எதிராளிக்கு அதிகம் கிடைக்கும் என்றபோது, 27 சதவீதம். இரண்டுமே 8/2 என்றபோது, அதாவது தேர்வே இல்லாதபோது, 18 சதவீதம். இன்னொன்று 10/0 ஆக இருந்தபோது 9 சதவீதம்.

நான்கு இடத்திலும் கைக்கு வருவது அதே 2. எதிராளிக்குப் போவது அதே 8. வித்தியாசம் அதே 6. ஆல்ஃபாவை எவ்வளவு வைத்தாலும், வளைவாக எழுதினாலும் நேராக எழுதினாலும், நான்கிலும் ஒரே மறுப்பு விகிதம்தான் வர வேண்டும். ஆனால் 9இலிருந்து 44 வரை போகிறது.

மறுப்பவர் 2ஐப் பார்க்கவில்லை. 'உன்னால் வேறு என்ன செய்திருக்க முடியும்?' என்று பார்க்கிறார்.

அலைவரிசை:

அக்கா, இது நான் தேடியதேதான். ஆனால் அந்த 18 சதவீதத்தில் எனக்குக் கண் நிற்கிறது. தேர்வே இல்லாத இடத்தில் கொடுப்பவர்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அங்கேயும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு மறுக்கிறார்களே?

நடுக்கோடு:

அந்த 18தான் என் பக்கம். அதில் உள்நோக்கம் இல்லை, வெறும் ஏற்றத்தாழ்வு மட்டும் இருக்கிறது. ஆக ஏற்றத்தாழ்வு மீதான வெறுப்பு உண்டு, ஆனால் அது முழுக்கதை இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். சாலி பிளவுன்ட் 1995இலேயே இன்னொரு வழியில் இதைக் காட்டியிருந்தார். பங்கை ஒரு மனிதர் தீர்மானிக்காமல் குலுக்கல் தீர்மானித்தால், இன்னும் குறைந்த தொகையையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மேத்யூ ராபின் 1993இலேயே உள்நோக்கத்தை ஆட்டக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்பதும் பதிவாகட்டும். என்னிடம் அன்பாக நடப்பவரிடம் நானும் அன்பாக, கெடுதல் செய்பவரிடம் கெடுதலாக. அன்பா கெடுதலா என்பதை அவர் முன்னால் இருந்த வாய்ப்புகளை வைத்துத்தான் அளக்கிறார். ஃபேர், ஷ்மிட் மாதிரி அதற்குப் பிறகு வந்தும் அதிகம் பயன்பட்டதற்குக் காரணம், அதைக் கையில் வைத்துக் கணக்குப் போடுவது சுலபம். உள்நோக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரே ஆட்டத்துக்குப் பல விடைகள் வந்து நிற்கும்.

தெற்குச்சாளரம்:

எல்லாம் சில்லறைக் காசில் நடந்தது என்பதை மறக்க வேண்டாம். 2 டாலரைத் தூக்கி எறிவது யாருக்கும் முடியும். தொகையைப் பெரிதாக்குங்கள், அப்போது பார்க்கலாம்.

நடுக்கோடு:

பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். லிசா கேமரான் இந்தோனேசியாவில், ராபர்ட் ஸ்லோனிமும் ராத்தும் ஸ்லோவாக்கியாவில், 1990களில். கொடுப்பவர்களின் நடத்தை பெரிதாக மாறவில்லை. ஏற்பவர்கள் சற்று அதிகமாக ஏற்றார்கள்.

நீங்கள் சொல்வதற்கு வலுவான சான்று வட கிழக்கு இந்தியாவில் கிடைத்தது. ஸ்டெஃபன் ஆண்டர்சன், செடா எர்தாச், ஊரி நீசி, மோஷே ஹாஃப்மன், ஜான் லிஸ்ட் 2011இல் வெளியிட்டார்கள். கிராமங்களில் 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை நான்கு அளவுகளில் ஆட்டம். 20,000 ரூபாய் என்பது அங்கிருந்தவர்களுக்குப் பல மாத வருமானம். அந்த அளவில் மறுப்பு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

ஆனால் இது என்ன சொல்கிறது? நியாயத்துக்கு விலை உண்டு, விலை ஏறினால் குறைவாக வாங்குவார்கள். எந்தப் பொருளுக்கும் அப்படித்தான். விலை ஏறியதும் வாங்கவில்லை என்பதால் அந்தப் பொருள்மேல் ஆசையே இல்லை என்று ஆகாது.

தெற்குச்சாளரம்:

அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் ஆய்வுக்கூடமே ஒரு நடத்தையைத் தூண்டுகிறது என்ற என் புகார் அப்படியே நிற்கிறது. சர்வாதிகாரி ஆட்டத்தில் 'எவ்வளவு கொடுக்கிறீர்கள்' என்று மட்டும் கேட்டால் கொடுப்பதுதான் எதிர்பார்ப்பு என்று உட்கார்ந்தவருக்குப் புரிந்துவிடும். நிக்கோலஸ் பார்ட்ஸ்லியும் ஜான் லிஸ்டும் தனித்தனியே ஒரு சிறிய மாற்றம் செய்தார்கள். கொடுக்கலாம், அல்லது எதிராளியிடமிருந்து எடுக்கவும் செய்யலாம். அவ்வளவுதான். லிஸ்ட்டின் 2007 முடிவில், வழக்கமான ஆட்டத்தில் கொடுத்தவர்கள் பத்தில் ஏழு பேர். ஒரே ஒரு டாலர் எடுக்கலாம் என்ற வாய்ப்பைச் சேர்த்ததும் அது பாதியாகிவிட்டது. ஐந்து டாலர்வரை எடுக்கலாம் என்றால் பத்தில் ஒருவர்தான் கொடுத்தார்.

அந்த எடுக்கும் வாய்ப்பைப் பலர் பயன்படுத்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது பட்டியலில் இருந்ததே போதுமாக இருந்தது.

முல்லைக்கொடி:

நீங்கள் இப்போது சொன்னது என் வாதத்துக்கு ஆதரவு. பட்டியலில் என்ன இருக்கிறது என்பதை வைத்தே எது நல்லது, எது கெட்டது என்று அளக்கிறார்கள். எடுக்கும் வாய்ப்பு இருந்தால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே நாகரிகமாகிவிடுகிறது. ஃபால்க் சோதனையில் 10/0 இருந்தபோது 8/2 பெருந்தன்மை ஆனதும் இதே கதை. கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரே அளவுகோலை வைத்திருக்கின்றன.

ஆனால் 'யாரும் பார்க்காதபோது செய்வதுதான் உண்மை' என்ற உங்கள் முதல் பதிவின் வரியோடு எனக்கு ஒத்துவரவில்லை. அதற்கும் சோதனை இருக்கிறது, ஆனால் மறுப்பவர் பக்கம். தோஷியோ யாமகிஷி குழு ஜப்பானில் செய்து 2009இல் வெளியிட்டது.

அந்த ஆட்டத்தில் நான் மறுத்தால் எனக்கு மட்டும் பூஜ்யம். கொடுத்தவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதாவது மறுப்பதால் அவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை, ஏற்றத்தாழ்வு இன்னும் பெரிதாகிறது. ஒரு பிரிவில் நான் மறுத்தேன் என்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு மறுக்கும் வாய்ப்பு இருந்ததுகூட அவருக்குத் தெரியாது. பயன் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. இருந்தும் 30இலிருந்து 40 சதவீதம் பேர் அநியாயமான பங்கை மறுத்தார்கள்.

இதை மீண்டும் மீண்டும் படித்திருக்கிறேன். ஃபேர், ஷ்மிட் மாதிரியில் இந்த மறுப்புக்கு இடமே இல்லை, வித்தியாசம் கூடத்தான் செய்கிறது. ராபினின் பதிலடியும் இல்லை, எதிராளிக்கு ஒரு காசும் குறையவில்லை. செய்தி அனுப்புவதும் இல்லை, யாரும் கேட்கவில்லை. அப்படியானால் அவர்கள் மறுப்பது எதை? இந்த நடத்தைக்கு உடன்பட்டவனாக நான் இருக்க மாட்டேன் என்பதை, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பக்கத்தில் எர்தே ஷாவ், டேனியல் ஹவுசர் 2005இல் செய்ததை வையுங்கள். வழக்கமான அல்டிமேட்டம்தான், ஆனால் பதில் சொல்பவர் தன் முடிவோடு ஒரு குறிப்பும் எழுதி அனுப்பலாம். 20 சதவீதமோ அதற்குக் கீழோ வந்த பங்குகளை மறுப்பது 60 சதவீதத்திலிருந்து 32ஆகக் குறைந்தது. 'நீ செய்தது சரியில்லை' என்று சொல்ல வாய் இருந்தால், பாதிப்பேர் பணத்தை எரித்து அதைச் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

அலைவரிசை:

யாமகிஷி ஆய்வை இன்றுதான் கேள்விப்படுகிறேன். இதே கேள்வியைக் குழந்தைகளிடமும் விலங்குகளிடமும் கேட்டிருக்கிறார்களா? உள்நோக்கத்தைப் பார்ப்பது பிறவியிலேயே இருக்கிறதா, வளரும்போது வருகிறதா?

முல்லைக்கொடி:

ஃபால்க் சோதனையின் அதே நான்கு வாய்ப்பு ஜோடிகளை மத்தியாஸ் சுட்டர் 2007இல் சிறுவர்கள், பதின்வயதினர், பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியோரிடம் வைத்துப் பார்த்தார். உள்நோக்கத்தை எல்லா வயதினரும் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் சிறியவர்களுக்குக் கைக்கு வந்த தொகையின் எடை அதிகம். வேறு வழியில்லாமல் கொடுத்தாலும் கோபிக்கிறார்கள்.

சிம்பன்சிகளிடம் கீத் ஜென்சன், ஜோசப் கால், மைக்கேல் தோமசெல்லோ அதே ஆண்டு திராட்சை வற்றலை வைத்து அதே நான்கு ஜோடிகளை நடத்தினார்கள். இன்னொரு தட்டில் என்ன இருந்தது என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. பூஜ்யம் இல்லாத எதையும் ஏற்றுக்கொண்டன. பாடநூல் சொன்ன மனிதன் கடைசியில் கிடைத்தது அங்கேதான்.

தொழிற்கூடம்:

இத்தனை நாளும் வாசித்துவிட்டுப் போகிறவன். ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு பிரிவுக்கு ஊதிய உயர்வு முடிவு செய்வது என் பொறுப்பு. நீங்கள் பேசுவதெல்லாம் ஒரே முறை, முகம் தெரியாத ஆள், சிறிய தொகை. தினமும் முகம் பார்க்கிற இடத்தில், மாதச் சம்பளத்தில் இது நிற்குமா? நன்றாக வேலை செய்பவருக்கு அதிகம் கொடுத்தால் மற்றவர்கள் சோர்ந்துபோகிறார்கள், எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுத்தால் நன்றாகச் செய்பவர் சோர்ந்துபோகிறார்.

நடுக்கோடு:

உங்களுக்காகவே நடந்தது போல ஓர் ஆய்வு இருக்கிறது. எமிலி பிரெசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தாசானி ஒடிசாவில் செய்து 2018இல் வெளியிட்டார்கள். சிறு உற்பத்திக் கூடங்கள், முழுநேர வேலை, மூன்று பேர் கொண்ட குழுக்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி. சில குழுக்களில் ஆரம்பத்தில் அளந்த வேலைத்திறனுக்கு ஏற்ப மூன்று விதக் கூலி. ஒப்பீடு எப்படி என்றால், ஒரே கூலி வாங்கும் இருவரை எடுப்பார்கள். ஒருவரின் சகாக்களுக்கும் அதே கூலி. இன்னொருவரின் சகாக்களுக்கு அதிகம்.

தன் கூலி குறையவில்லை, சகாவுக்கு அதிகம் என்பது மட்டும்தான் வித்தியாசம். அதற்கே உற்பத்தி தெளிவாகக் குறைந்தது, வருகை 18 சதவீதப் புள்ளி குறைந்தது. தினக்கூலியை விட்டுக்கொடுத்து வீட்டில் இருந்தார்கள் என்று அர்த்தம். அல்டிமேட்டத்தில் 2ஐ மறுப்பதற்கு இதைவிட நெருக்கமான நிஜ உருவம் நான் பார்த்ததில்லை.

முக்கியமான பகுதி இனிமேல்தான். யார் எவ்வளவு செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும் வேலைகளில், சகாவுக்கு அதிகம் கொடுத்ததால் எந்தச் சோர்வும் வரவில்லை. இதையும் முல்லைக்கொடி சொன்ன ஆக்ஸ்பி, ஸ்பிராகன் முடிவையும் சேர்த்துப் பாருங்கள்.

கூலியை ஏற்றினால் நன்றிக்கடனாக அதிகம் உழைப்பார்கள் என்ற கணக்கை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். நீசியும் லிஸ்டும் 2006இல் மணிக்கு 12 டாலர் என்று அழைத்துவிட்டு, சிலருக்கு 20 கொடுத்தார்கள். நூலகத் தகவல்களைக் கணினியில் ஏற்றும் வேலை. முதல் ஒன்றரை மணி நேரம் வேகம் கூடியது, பிறகு வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. செபாஸ்டியன் கூபே குழு ஜெர்மனியில் எதிர்ப்பக்கத்தையும் பார்த்தது. சொன்னதைவிட ஐந்து யூரோ கூட்டியபோது மாற்றம் இல்லை. ஐந்து யூரோ குறைத்தபோது வேலை 20 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது, திரும்பவும் இல்லை. பின்தங்கும் வலி பெரியது என்பதில் ஆல்ஃபாவும் பீட்டாவும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

தொழிற்கூடம்:

அப்படியானால் எங்கள் இடத்தில் கோபம் வந்தது வித்தியாசத்தால் இல்லை, காரணம் தெரியாததால். யார் என்ன செய்தார் என்பதை நாங்கள் வெளியே சொல்வதே இல்லை. பட்டியலை மட்டும் ஒட்டுகிறோம்.

முல்லைக்கொடி:

காரணத்தை நீங்கள் சொன்னால் மட்டும் போதாது சார், அவர்களே பார்க்க முடிய வேண்டும். ஒடிசாவில் வேலை செய்தது அறிவிப்பு இல்லை, கண்ணுக்கு முன்னால் குவிந்த பொருள். அளக்க முடியாத வேலைக்கு அளந்த மாதிரி ஒரு எண் கொடுத்து வித்தியாசம் காட்டினால், 44 சதவீதத்துப் பக்கம்தான் போய் நிற்பீர்கள்.

கரும்பலகை:

கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்கு ஆட்டக் கோட்பாடு எடுக்கிறேன். வகுப்பில் அல்டிமேட்டம் நடத்த நினைக்கிறேன். இந்தப் பேச்சைப் படித்த பிறகு வெறும் 10 டாலர் ஆட்டத்தை நடத்த மனம் வரவில்லை. ஃபால்க் வடிவத்தை அறுபது பேர் வகுப்பில் நடத்த முடியுமா? எல்லா ஜோடிக்கும் பணம் கொடுக்க இயலாது.

முல்லைக்கொடி:

தாராளமாக முடியும். முப்பது பேர் கொடுப்பவர்கள், முப்பது பேர் பதில் சொல்பவர்கள் என்று பிரித்து, முடிந்தால் இரண்டு அறைகளில் உட்கார வையுங்கள். எல்லோருக்கும் நான்கு ஜோடிகளும் உள்ள தாள். வரிசையைத் தாளுக்குத் தாள் மாற்றி அச்சிடுங்கள், இல்லாவிட்டால் முதலில் 5/5ஐப் பார்த்தவர்கள் அந்த நினைப்பிலேயே மற்றதையும் எழுதுவார்கள். பதில் சொல்பவர்கள் 'இந்த ஜோடியிலிருந்து 8/2 வந்தால் ஏற்பேனா' என்று நான்குக்கும் முன்கூட்டியே எழுதட்டும். நியாயம், தண்டனை, சுயநலம் போன்ற சொற்கள் குறிப்புத்தாளில் எங்கும் வரக் கூடாது.

பணத்துக்கு வழி: எல்லாம் முடிந்ததும் குலுக்கிப்போட்டு சில மாணவர் ஜோடிகளையும், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு ஆட்டத்தையும் எடுத்து அதற்கு மட்டும் உண்மையான தொகை கொடுங்கள். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சொன்னதைக் கட்டாயம் கொடுங்கள். பங்கேற்பவர்களை ஏமாற்றக் கூடாது என்பதில் இந்தத் துறை மிகக் கண்டிப்பானது, ஒரு தடவை ஏமாந்த வகுப்பு அடுத்த ஆட்டத்தை நம்பாது.

நடுக்கோடு:

ஒன்று சேர்க்கிறேன். முன்கூட்டியே எழுதி வாங்கும் முறையில் மறுப்பும் தண்டனையும் சற்றுக் குறைவாக வரும். ஜோர்டி பிராண்ட்ஸும் கேரி சார்னஸும் 2011இல் இந்த முறையையும் பங்கு வந்த பிறகு பதில் சொல்லும் முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது பெரும்பாலான முடிவுகள் மாறவில்லை, தண்டனையின் அளவு மட்டும் குறைந்தது. ஃபால்க் குழுவின் 44ம் முன்கூட்டியே எழுதி வாங்கியதுதான். இருந்தாலும் உங்கள் வகுப்பில் வேறு எண் வந்தால் கவலைப்பட வேண்டாம். நான்கு எண்களுக்கும் இடையிலான வரிசை எப்படி வருகிறது என்று பாருங்கள். அதுதான் சோதனை.

நேரம் இருந்தால் பாதி வகுப்புக்கு ஒரு காலி வரி கொடுத்து, எதிராளிக்கு ஒரு குறிப்பு எழுதலாம் என்று சொல்லுங்கள். மற்றப் பாதிக்கு வேண்டாம்.

கரும்பலகை:

வரிசை மாற்றிய தாள்களை இந்த வாரம் தயார் செய்கிறேன். குறிப்பு எழுதும் பிரிவையும் சேர்க்கிறேன். அந்தக் குறிப்புகளை ஆட்டம் முடிந்ததும் அந்தந்த எதிராளியிடம் சேர்த்துவிடுவேன், பெயர் இல்லாமல். முடிவு வந்ததும் நான்கு எண்களையும் இங்கே இடுகிறேன்.

தெற்குச்சாளரம்:

இட்டால் மூலத் தரவையும் சேர்த்து இடுங்கள், யார் என்ற அடையாளம் இல்லாமல். 10/0 ஜோடியில் யார் மறுத்தார்கள், அவர்களே மற்ற மூன்றிலும் மறுத்தார்களா என்று நான் பார்க்க வேண்டும். நான்கிலும் மறுத்த ஆட்கள் பலர் இருந்தால் நடுக்கோடு சொல்வது வலுவாகும். இன்னொரு வாய்ப்பு 5/5 ஆக இருந்தபோது மட்டும் மறுத்தவர்கள் அதிகமாக இருந்தால் முல்லைக்கொடி பக்கம் நான் வந்துவிடுகிறேன்.